பதிவேட்டில் இல்லாத தக்காளி

1883-ஆம் வருஷம் பாரிஸில் ஒரு விதைக்கடை தடிமனான ஒரு புத்தகம் போட்டது. கடையின் பெயர் வில்மோரின்-ஆந்த்ரியே. புத்தகத்தின் பெயர் ‘லே பிளாந்த் பொத்தழேர்’, அதாவது காய்கறித் தோட்டத்துச் செடிகள். மிதமான தட்பவெப்பத்தில் விளையும் காய்கறிகள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் ரகவாரியாக விவரம்: செடி எவ்வளவு உயரம், இலை எப்படிச் சுருளும், காய் எந்த நிறம், எப்போது விதைக்க வேண்டும், விதை எத்தனை வருஷம் முளைக்கும். இரண்டு வருஷத்தில் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. பழைய பதிப்பை இப்போது இணையத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். கண் ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே போகக் கூடாது என்ற நாட்களுக்குப் பிறகு, எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நாலு மாதம் அதைத்தான் படித்தேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இந்தப் புத்தகத்தின் சொற்கள் விசித்திரமான பழக்கம். ‘சரீஸ்’, ‘ஃபிரேஸ்’, ‘கிரொசேய்’ என்று பாடப்புத்தகத்திலும் தெக்தேயிலும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவோம். அந்தப் பழங்களை ஒருவரும் கண்ணால் பார்த்தது கிடையாது. வாத்தியாரும் பார்த்தாரா என்பது சந்தேகம். ‘தொமாத்’ ஒன்றுதான் வீட்டுக்கு வரும்போது அடுக்களையில் இருக்கும்.

அந்தத் தொமாத்துக்கு வில்மோரின் புத்தகத்தில் பல பக்கங்கள். பெரிய சிவப்பு, முன்கூட்டிக் காய்க்கும் பெரிய சிவப்பு, செர்ரி அளவு, பேரிக்காய் வடிவம், மஞ்சள். ஒன்றின் பெயர் ‘விறைத்த தண்டுள்ள லே தக்காளி’. லே என்பது ஒரு கோட்டை. அங்கே தோட்ட வேலை பார்த்த ஒருவர் கண்டெடுத்த ரகம். பந்தற்குச்சி இல்லாமல் தானாக நிமிர்ந்து நிற்கும். படிக்கும்போது எனக்கு வேறொரு புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. என் உத்தியோகக் காலம் முழுவதும் கையில் புரண்ட எத்தா சிவில் பதிவேடுகள். பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர், அடையாளம். அதே நடை, அதே நிதானம்.

தக்காளி இந்தப் பதிவுக்கு வந்து சேர்ந்ததே ஒரு நீண்ட கதை. காட்டுச் செடிக்குத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பக்கம் தாய்வீடு. வீட்டுச் செடியாக மெருகேறியது மெக்சிகோவில். ஸ்பெயின்காரர்கள் அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். 1544-இல் இத்தாலிய வைத்தியர் மத்தியோலி அதைப் பற்றி எழுதிவைத்தார். இத்தாலியர் ‘தங்க ஆப்பிள்’ என்றார்கள், பிரெஞ்சுக்காரர் ‘பொம் தமூர்’, காதல் ஆப்பிள் என்றார்கள். பெயர் மட்டும்தான் காதல். வடக்கே ரொம்ப நாள் யாரும் வாயில் வைக்கவில்லை. கத்தரி, ஊமத்தை குடும்பத்துச் செடி, விஷமாக இருக்கும் என்ற பயம். 1760-இல் இதே வில்மோரின் கடையின் விலைப்பட்டியலில் தக்காளி அழகுச் செடி வரிசையில் இருந்தது. 1778-இல்தான் காய்கறி வரிசைக்கு மாற்றினார்கள். இலாகா மாற்றம் ஆக 18 வருஷம்!

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் ‘தொமாத்ல்’ என்பது முதலில் தோலுறைக்குள் இருக்கும் சின்னப் பச்சைக் காய்க்குப் பொதுப்பெயர். நாம் சாப்பிடும் தக்காளிக்கு அவர்கள் முன்னொட்டு சேர்த்து ‘ஷிதொமாத்ல்’ என்றார்கள். ஸ்பெயின்காரர்கள் முன்னொட்டைக் கழற்றிவிட்டு ‘தொமாத்தே’ ஆக்கினார்கள். நம் ஊரிலும் அதே கதைதான். மணத்தக்காளி நமக்கு முன்பே தெரிந்த செடி. கடல் கடந்து வந்த பெரிய பழத்துக்கு அந்தப் பெயரையே கொடுத்து, முன்னால் ‘சீமை’ சேர்த்துச் சீமைத்தக்காளி என்றார்கள். இப்போது சீமை உதிர்ந்துவிட்டது. மொரீஷியஸ் போனால் அங்கேயிருக்கும் தமிழர்களும் மற்றவர்களும் இன்றைக்கும் ‘பொம் தமூர்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். பிரான்சில் அந்தப் பெயர் சொன்னால் திருவிழாவில் விற்கும் சர்க்கரைப்பாகு தோய்த்த ஆப்பிளைக் கொடுப்பார்கள்.

வில்மோரின் குடும்பத்தில் லூயி என்று ஒருவர், 1816-இல் பிறந்து 1860-இல் இறந்தவர். இந்தக் கட்டுரைக்கு அவர் முக்கியம். அவருக்கு முன்னால் விதை எடுப்பவர்கள் நல்ல செடிகளாகப் பார்த்து, அவற்றின் விதையையெல்லாம் ஒன்றாகக் கொட்டி அடுத்த வருஷம் விதைப்பார்கள். லூயி அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனியாக விதைத்து, அதன் பிள்ளைகள் எப்படி வருகின்றன என்று தனிக்கணக்கு வைத்தார். தாய் நன்றாக இருந்தால் போதாது, பிள்ளைகளும் ஒன்றுபோல நன்றாக வர வேண்டும். சர்க்கரைக் கிழங்கில் இந்த முறையைக் கையாண்டு 1856-இல் வெளியிட்டார். ‘மதாம் த’ என்ற நாவலை எழுதிய லூயிஸ் த வில்மோரின் இவருடைய வம்சம்தான். பிரெஞ்சு இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த அம்மாளைத் தெரியும், தாத்தாவின் அப்பா காலத்துக் கிழங்கு தெரியாது.

ஒன்றுபோல வர வேண்டும் என்ற இந்த ஆசையிலிருந்துதான் பின்னால் வந்த நன்மையும் வந்தது, தொல்லையும் வந்தது.

நன்மையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பழைய விதையைப் பற்றி எழுதுபவர்கள் அதைச் சொல்வதே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதை வியாபாரம் ஒரு காடு. ஒரே ரகத்துக்குப் பத்துப் பெயர். ஒரே பெயரில் பத்து ரகம். போன வருஷம் வாங்கியதையே வேறு பெயரில் இரட்டை விலைக்கு இந்த வருஷமும் வாங்குவான் விவசாயி. இதை ஒழுங்குபடுத்த பிரான்ஸ் 1932-இல் ஓர் அதிகாரபூர்வப் பட்டியலை ஏற்படுத்தியது. 1942-இல் அதைக் கவனிக்க ஒரு தொழில்நுட்பக் குழு. அதுவரை யாருக்கும் கஷ்டமில்லை. 1949-இல் வந்த ஆணை வேறு மாதிரி: பட்டியலில் இல்லாத ரகத்தின் விதையை விற்கக் கூடாது. பட்டியல் தகவலுக்காக இருந்தது போய், பட்டியலே அனுமதி ஆகிவிட்டது. 1970-இல் காய்கறி விதைகளுக்கு ஐரோப்பா முழுவதற்குமே இப்படி ஒரு விதி வந்தது.

பட்டியலில் ஏற மூன்று தகுதி வேண்டும். மற்ற ரகங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். செடிக்குச் செடி ஒரே சீராக இருக்க வேண்டும். வருஷத்துக்கு வருஷம் மாறாமல் இருக்க வேண்டும். பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டும், பெயர் பட்டியலில் நிலைக்க அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கிராமத்துப் பாட்டி தன் மாமியாரிடமிருந்து வாங்கி ஐம்பது வருஷமாகப் போட்டுவரும் தக்காளி. ஒரு செடியில் காய் கொஞ்சம் தட்டை, அடுத்ததில் கொஞ்சம் உருண்டை. அதுதான் அதன் பலம்: மழை அதிகமானால் சில செடி தாங்கும், வெயில் அதிகமானால் சில. ஆனால் ‘ஒரே சீர்’ என்ற கட்டத்தில் அதற்குக் குறி போட முடியாது. குறி விழுந்தாலும் கட்டணம் யார் கட்டுவது? பாட்டியின் தக்காளிக்குச் சொந்தக்காரன் கிடையாது, அதனால் செலவு செய்பவனும் கிடையாது.

நான் வேலை பார்த்தது பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகள் இருந்த ஓர் அலுவலகத்தில். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில். அவர்கள் வாழ்க்கையே பதிவேட்டு நகலில்தான் ஓடியது. ஒருமுறை ஒரு கிழவி வந்தார். புருஷன் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து செத்துப்போனவர். விதவைப் பென்ஷனுக்கு அந்த அம்மாளின் பிறப்புப் பதிவு வேண்டும். பதிவு இல்லை. தகப்பன் சொல்லி எழுதவில்லை, அவ்வளவுதான். எழுபது வயது ஆள் முன்னால் நிற்கிறார், வெற்றிலை போட்டிருக்கிறார், பேரன் கையைப் பிடித்திருக்கிறார், ஆனால் காகிதப்படி இன்னும் பிறக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய், அவரைவிட வயதான இரண்டு சாட்சிகளைப் பிடித்து, ‘ழுழ்மான் சுப்ளெத்தீஃப்’ என்கிற தீர்ப்பு வாங்கி, அதைப் பதிவேட்டில் ஏற்றியபிறகுதான் பிறந்தார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. இரண்டு சாட்சிகளில் ஒருவர் தீர்ப்புக்கு மறுவாரம் போய்ச் சேர்ந்தார். அவர் பத்து நாள் முன்னால் போயிருந்தால்?

பட்டியலுக்கு வெளியே நின்ற தக்காளிகளுக்கும் சாட்சி சொல்லும் ஆட்கள் வயதானவர்கள்தான். விதைக்கு ஒரு குணம் உண்டு. பதிவேட்டை அலமாரியில் பூட்டி வைத்தால் நூறு வருஷம் இருக்கும், கரையான் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். தக்காளி விதை சாதாரணமாக வீட்டில் வைத்தால் நாலைந்து வருஷம்தான் நம்பலாம். பிறகு முளைப்பு குறைந்துகொண்டே போகும். வைத்திருப்பவர் படுக்கையில் விழுந்து ஐந்தாறு பருவம் விதைக்காமல் போனால், அந்த ரகம் உலகத்தில் இல்லை. யாரும் அழிக்க வேண்டியதே இல்லை.

அமெரிக்காவில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஒரு தம்பதி, கென்ட் வேலி, டயான் வேலி. டயானின் தாத்தா சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர்களிடம் இரண்டு விதைகளைக் கொடுத்தார். ஒன்று ஊதாப்பூ பூக்கும் கொடி. இன்னொன்று ‘ஜெர்மன் பிங்க்’ என்ற தக்காளி. தாத்தாவின் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் பவேரியாவிலிருந்து ஐயோவாவுக்குக் குடிபெயர்ந்தபோது கூடவே கொண்டுவந்தது. தாத்தா போனபிறகுதான் உறைத்தது, அந்த விதைக்கு இனி நாம் இரண்டு பேர்தான் என்று. 1975-இல் இதேபோல் விதை வைத்திருப்பவர்களைக் கடிதம் மூலம் தேடி ஒரு பரிமாற்றச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அதற்கு ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ என்று பெயர் ஆயிற்று. அங்கத்தினர்கள் தங்களிடம் உள்ளதை எழுதி அனுப்புவார்கள், வருஷத்துக்கு ஒரு புத்தகம் அச்சாகும். யாருக்கு வேண்டுமோ அவர் எழுதிக் கேட்பார். பட்டியலுக்கு எதிர்ப்பட்டியல். அதிலும் சேரக் கட்டணம் உண்டு, ஆனால் தக்காளிக்குப் பரீட்சை கிடையாது.

அந்த நாட்டுத் தக்காளிகளில் எனக்குப் பிடித்த பெயர் ‘மார்ட்கேஜ் லிஃப்டர்’. அடமானம் மீட்டது! மேற்கு வர்ஜீனியாவில் லோகன் என்ற ஊரில் சார்லி பைல்ஸ் என்ற மெக்கானிக். மலைச்சரிவின் அடியில் கடை. ஏறி வரும் லாரிகளின் ரேடியேட்டர் கொதித்துவிடும், அவர் சரிசெய்வார். அதனால் ‘ரேடியேட்டர் சார்லி’. செடி வளர்ப்பைப் பற்றி ஒரு வகுப்பும் படிக்காதவர். 1930-களில் ‘ஜெர்மன் ஜான்சன்’ என்ற தக்காளிச் செடியை நடுவில் நட்டு, வெவ்வேறு பெரிய தக்காளிகள் பத்தைச் சுற்றி வட்டமாக நட்டார். சுற்றியிருந்தவற்றின் மகரந்தத்தை நடுச்செடியின் பூவில் கையால் வைத்தார். விதையெடுத்து, நல்லதை மறுபடி நடுவில் வைத்து, இப்படியே ஆறு வருஷம். திருப்தியானதும் நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஒரு டாலர் சின்னப் பணம் இல்லை. தூர ஊர்களிலிருந்தெல்லாம் காரில் வந்து வாங்கிப் போனார்கள். வீட்டின் மேல் இருந்த 6,000 டாலர் கடனை ஆறு வருஷத்தில் அடைத்தார். வீட்டுக்கடன் வாங்கிய குமாஸ்தாக்களுக்குத்தான் இந்தப் பெயரின் அருமை தெரியும்.

பிரான்சில் கதை கோர்ட் வரை போயிற்று. கொகோபெல்லி என்ற சங்கம் 1999-இல் தொடங்கியது. பழைய ரகங்களின் விதையைச் சின்னப் பொட்டலங்களாகப் பொதுமக்களுக்கு விற்றது. நான்சி நகரத்து விதைக் கம்பெனி ஒன்று வழக்குப் போட்டது: நாங்கள் சட்டப்படி பதிவு செய்து விற்கிறோம், இவர்கள் பதிவில்லாத 461 ரகங்களை விற்கிறார்கள், இது நியாயமற்ற போட்டி. 2008-இல் கீழ்க்கோர்ட்டில் சங்கம் தோற்றது, அபராதமும் விழுந்தது. மேல்முறையீட்டில் நான்சி நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்டது: இந்த விதிகளே செல்லுமா? அங்கே அட்வகேட் ஜெனரல் 2012 ஜனவரியில் தன் கருத்தைச் சொன்னார், பதிவில்லாத விதையை அடியோடு தடுப்பது அளவுக்கு மிஞ்சியது, செல்லாது என்று. கொண்டாடினார்கள். ஜூலை 12-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: விதிகள் செல்லும்.

தீர்ப்பை இணையத்தில் பிரெஞ்சில் முழுதாகப் படித்தேன். நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதிக்கு அவர்கள் சொல்லும் காரணம் விளைச்சல் பெருக வேண்டும், விவசாயிக்குத் தரமான விதை கிடைக்க வேண்டும் என்பது. அதோடு, பழைய ரகங்களுக்கென்று தனிச் சலுகை ஏற்கெனவே இருக்கிறதே என்கிறார்கள். இருப்பது உண்மை. பிரான்ஸ் 1997-இலேயே வீட்டுத் தோட்டக்காரர்களுக்கான பழைய ரகங்களுக்கு ஒரு தனிப் பதிவேடு திறந்தது, 2009-இல் ஐரோப்பாவும் அதுபோல ஒன்று செய்தது. ஆனால் அந்த 2009 உத்தரவில் இந்த ரகங்களுக்குக் கொடுத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: ‘வணிக விளைச்சலுக்கு உள்ளார்ந்த மதிப்பு ஏதும் இல்லாத ரகங்கள்’. சிறிய பொட்டலத்தில் மட்டும் விற்கலாம். நாற்பது வருஷம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன், ஒரு வாக்கியத்தில் எதிராளியை உட்காரச் சொல்லி நாற்காலியையும் இழுத்துவிடுவது என்றால் இதுதான்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 2018-இல் உணவு, விவசாயம் பற்றிய பெரிய சட்டம் ஒன்றில், யாருக்கும் சொந்தமில்லாத ரகங்களின் விதையை வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அரசியல் சாசன மன்றம் அதை அடித்துவிட்டது. பிரிவு தப்பு என்பதற்காக அல்ல, மூல மசோதாவோடு சம்பந்தமில்லாமல் நடுவில் நுழைத்தது என்பதற்காக. தவறான கோப்பில் வைத்த சரியான காகிதம். கடைசியில் 2020 ஜூன் 10-ஆம் தேதிச் சட்டத்தில் அந்த அனுமதி வந்தது. 1949-இலிருந்து எண்ணினால் 71 வருஷம்.

இதற்கிடையில் பழைய தக்காளிகளைக் காத்தவர்கள் இரண்டு விதம். ஒன்று பெரிய இடம். லுவார் நதிக்கரையில் மோன்லூயி ஊரில் பூர்தேசியேர் என்ற கோட்டை. அதன் சொந்தக்காரர் த புரோய் என்ற பிரபு வம்சத்தவர், ‘தோட்டக்கார இளவரசர்’ என்று பெயர். அங்கே அறுநூறு, எழுநூறு ரகத் தக்காளிகளை வருஷாவருஷம் நட்டு வைத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். அரசாங்க ஆராய்ச்சி நிலையமும் அவிஞோன் பக்கம் ஒரு பெரிய சேகரம் வைத்திருக்கிறது.

இன்னொன்று சின்ன இடம். என் தங்கை புருஷன் சொல்தாவாக இருந்து ரிட்டையர் ஆகி பாரிஸுக்கு வெளியே குடியிருக்கிறார். அவருக்கு நகராட்சி கொடுத்த ஒரு துண்டு நிலம், ரயில் தண்டவாளத்தை ஒட்டி. ‘ழர்தேன் ஊவ்ரியே’ என்று பழைய பெயர், தொழிலாளர் தோட்டம். 1896-இல் லெமீர் என்ற பாதிரியார் ஆரம்பித்த இயக்கம் அது: ஆலைத் தொழிலாளி குடும்பத்துக்கு ஒரு பிடி மண்ணாவது வேண்டும் என்று. மச்சானின் பக்கத்துத் துண்டு ஒரு போர்ச்சுக்கீசியருடையது, அதற்கு அடுத்தது அல்ஜீரியா குடும்பம். விதை வேலிக்கு மேலேயே கைமாறுகிறது. பணம் இல்லை, அதனால் விற்பனை இல்லை, அதனால் பட்டியல் சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நான் போயிருந்தபோது மச்சான் மூன்று தக்காளியை அறுத்து உப்புத் தூவி வைத்தார். மர்மாந்த், தட்டையாக மடிப்பு மடிப்பாக இருப்பது. சேன் பியேர், உருண்டை. மூன்றாவது, மாட்டு இதயம் என்று பெயருள்ள ‘கேர் த பெஃப்’: நிஜமாகவே இதய வடிவம், உள்ளே விதை கொஞ்சம், சதை நிறைய.

“மாமா, மார்க்கெட்ல இதே பேர்ல விக்கிறானே, அதை வாங்கிப் பாருங்க” என்றார். வாங்கினேன். பணப்பை வாயைச் சுருக்கிக் கட்டியது போல ஆழ்ந்த மடிப்புகளோடு இருந்தது. உள்ளே பொந்து, ருசி தண்ணீர். பெரிய கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பாலும் வேறு கலப்பின ரகம்தான் என்று பிரெஞ்சுப் பத்திரிகைகளே எழுதிவிட்டன. பெயர் பழையவரது, ஆள் வேறு. எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர், தண்டனை உண்டு.

கடைத் தக்காளிக்கு ருசி ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் 2012-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் வந்தது. பழைய தக்காளிகள் காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றித் தோள்பட்டை கரும்பச்சையாக இருக்கும். பழுத்தாலும் சிலதில் அங்கே பச்சை தங்கிவிடும். வியாபாரிக்கு இது பிடிக்காது, எப்போது பழுத்தது என்று தெரியாது, பெட்டியில் அழகாக இருக்காது. காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் குணத்தைச் சுமார் எழுபது வருஷமாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தச் சீருக்குக் காரணம் ஒரு மரபணு பழுதானது என்று கண்டுபிடித்தார்கள். பழுதாகாமல் இருந்தால் அந்த மரபணுதான் காயில் பச்சையத்தை வளர்த்து, சர்க்கரை சேரவும் உதவுகிறது. தோள்பட்டைப் பச்சையைத் துடைத்தபோது இனிப்பையும் கொஞ்சம் துடைத்துவிட்டார்கள். மறுபடியும் ‘ஒரே சீர்’.

பழையதெல்லாம் அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். பழைய ரகங்களில் வாடல் நோய் வந்தால் பாத்தியோடு போகும். தோல் மெல்லியது, வண்டியில் ஏற்றினால் சாந்தாக இறங்கும். இன்றைய ரகங்களின் நோய் எதிர்ப்பில் பெரும்பகுதி காட்டுத் தக்காளிகளிலிருந்து வாங்கியது. கலிபோர்னியாவின் சார்லஸ் ரிக் என்ற பேராசிரியர் ஆண்டீஸ் மலையெல்லாம் அலைந்து அவற்றைச் சேகரித்தார். கலாபகஸ் தீவுத் தக்காளி விதை எதைச் செய்தும் சரியாக முளைக்காமல் அவரைப் படுத்தியது. அந்தத் தீவின் ராட்சத ஆமைக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்து, அது வெளியே தள்ளிய விதையைப் போட்டபோது முளைத்தது. விதைக்குப் பொறுமை கூட ஆமையிடம்தான் கற்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ‘நாட்டுத் தக்காளி’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, புளிப்பாக, தட்டையாக, ரசத்துக்கு ஏற்றது, அந்தக் கூட்டத்தில் பெயர் போனது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உண்டாக்கியது. அது கலப்பினம் இல்லை. தேனி பக்கத்து ‘அன்னஞ்சி’ என்ற உள்ளூர் ரகத்தில் செயற்கையாக மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து பொறுக்கியெடுத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவரத்தில் பாருங்கள், பழத்தின் அடையாளம்: தட்டை உருண்டை, பச்சைத் தோள்பட்டை. தொலைதூரம் அனுப்பவும் ஏற்றது. அந்தத் தோள்பட்டையைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம். அன்னஞ்சிக்குப் பெயர் போட்டுப் பதிந்துவைத்தார்களே, அதுவே பெரிய விஷயம். எத்தனையோ ஊர்த் தக்காளிக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் ஐரோப்பாவைவிடத் தாராளம். 2001-ஆம் வருஷத்து ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு: விவசாயி தன் வயல் விளைச்சலை விதையாக வைத்துக்கொள்ளலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயர் போட்டு விற்க மட்டும் கூடாது. உழவர் ரகம் என்று பதிவு செய்துகொள்ளவும் இடம் இருக்கிறது. மச்சானிடம் சொன்னபோது நம்பவில்லை. பிரிவை அச்செடுத்துக் காட்டினேன்.

அவர் ஊருக்கு வரும்போது மாட்டு இதயம் விதை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெளிநாட்டு விதைக்கு அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும், 2003-ஆம் வருஷத்து ஆணை. “பாக்கெட்ல நாலு விதை, யாரு மாமா பார்க்கப் போறாங்க?” என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் செடிக்கு வரும் வைரஸ் நாலு விதையில் வரக்கூடியது. மேலும் நம் ஊரில் ராத்திரிச் சூடு குறையாத மாதங்களில் அந்தத் தக்காளி பூத்துப் பூத்து உதிரும். மார்கழி, தை இரண்டு மாதம்தான் அதற்குப் பொறுத்த காலம். இருக்கிற நாட்டுச் செடியைப் பார்த்தால் போதாதா?

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது, கொல்லையிலோ ஊர்ப்பக்கமோ, கடையில் வாங்காத தக்காளிச் செடி இருந்தால் இப்படிச் செய்யுங்கள். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். ஆகையால் கத்தரி, பூசணி போலப் பக்கத்துச் செடியோடு கலந்துவிடும் பயம் குறைவு. கலப்பின விதையாக இல்லாவிட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும். நோயில்லாத நாலைந்து செடிகளில் நன்றாகப் பழுத்த பழங்களை எடுங்கள். விதையைச் சாறோடு பிழிந்து ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். மேலே நுரைத்து வாடை வரும், வரட்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பைத் தடுத்துவைத்திருப்பது. புளித்தால் அது கரையும். கழுவி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். என் அம்மா இத்தனை செய்ததில்லை. சாம்பலில் பிசறி, கையால் உருட்டிக் காய வைத்துவிடுவாள். வழுவழுப்பைச் சாம்பல் எடுத்துவிடும். வேலை ஒன்றுதான்.

நன்றாகக் காய்ந்ததும் காகிதப் பொட்டலம் கட்டி, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். பொட்டலத்தின் மேல் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எந்த ஊர், யார் கொடுத்தது, எந்த வருஷம். பெயர் தெரியாவிட்டால் கொடுத்தவர் பெயரையே தக்காளிக்கு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறிவிடும்.